மட்கலமும் மரக்கலமும்

“ஏன் தம்பி, அந்த ஐயா சொன்னது நெசந்தானா? ஏழு வருசத்துக்கு ஒருக்கா ஒடம்பு முழுக்கப் புதுசா மாறிப் போயிருதுன்னா, இந்தத் தழும்பு யாரோடது?”

பேருந்து பேராதனைப் பாலத்தைக் கடக்கையில் என் தமக்கை இவ்வாறு வினாவினாள். கண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றுக்குச் சென்றுவிட்டு இருவரும் கடுகண்ணாவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டிதம் பயின்று, முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு இலக்கணம் கற்பித்து வருபவன் நான். புணர்ச்சியிலும் புறனடையிலும் யார் எதனைக் கேட்டாலும் விடை கூறத் தயங்கியதில்லை. அன்றோ விடை தோன்றாமல், யன்னலுக்கு வெளியே ஓடிய மகாவலியைப் பார்த்திருந்து, பிலிமத்தலாவை வரையும் வாளா இருந்தேன்.

கூட்டம் முதியோர்க்கென ஒழுங்கு செய்யப்பட்டது. பொருள் மனவமைதி. கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் நாவன்மை மிக்கவர். “பழைய துன்பங்களைச் சுமந்து திரியாதீர்கள். உங்கள் உடம்பில் ஏழாண்டுகளுக்கு முன்னிருந்த கலம் ஒன்றேனும் இன்று இல்லை என்று விஞ்ஞானம் நிறுவிவிட்டது. எழுபத்தேழிலும் எண்பத்துமூன்றிலும் அடிபட்டவர் வேறொருவர். இங்கே அமர்ந்திருப்பவர் வேறொருவர். யாரோ ஒருவருக்கு நேர்ந்த துன்பத்துக்கு நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?” என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதை மறைப்பதற்கில்லை. அக்கா மட்டும் தட்டவில்லை.

1977 ஆகஸ்ட் மாதத்தில் மலையகத் தோட்டங்களில் நிகழ்ந்தவற்றை இங்கே விரிக்கப் புகுந்தேனல்லேன். எங்கள் லயம் எரிந்த இரவில் எனக்கு வயது ஒன்பது, அக்காவுக்குப் பதினாறு. எரிந்துகொண்டிருந்த காம்பராவுக்குள் மறுபடியும் நுழைந்து என்னை இழுத்து வந்தவள் அவள். கூரைச் சட்டமொன்று அவளுடைய இடக்கையின்மேல் விழுந்தது. அந்தக் கையோடுதான் பின்னர் பல்லாண்டு கொழுந்து பறித்து என்னைப் படிப்பித்தாள். ஆகவே, பேருந்தில் அவள் கேட்ட வினா தழும்பைப் பற்றியது மட்டுமன்று. அன்று தீக்குள் நுழைந்தவள் வேறொருத்தி, இழுத்துவரப்பட்டவன் வேறொருவன் என்றால், நான் பட்ட கடன் யாருக்கு, யாரால் தீர்க்கப்படவேண்டியது? பேச்சாளர் துயரைத் தள்ளுபடி செய்தபோது நன்றியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார் என்பது வீடு சேர்ந்த பின்னரே எனக்கு உறைத்தது.

உடற்கூறு என் துறையன்று. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளைய ஆசிரியையை நாடினேன். அவர் இடைவேளைதோறும் பொறுமையோடு விளக்கினார். நூல்களையும் ஆய்வுரைகளையும் எடுத்துத் தந்தார். அறிந்தவற்றை வாசகர் முன் வைக்கிறேன். பிழை காணின் அது என்னுடையது, ஆசிரியையினது அன்று.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பின் மிகச் சிறிய உயிருள்ள கூற்றைத் தமிழகத்தார் ‘உயிரணு’ என்றும் ‘செல்’ என்றும் வழங்குவர். ஈழத்துப் பாடநூல்கள் அதனைக் ‘கலம்’ என்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘சிற்றறை’ என்பதாம். 1665 இல் றொபேட் ஹுக் என்பார் தக்கைச் சீவலை உருப்பெருக்கி வழியே நோக்கி, அதிற் கண்ட சிறு கட்டங்களுக்குத் துறவியர் வாழும் சிற்றறையின் பெயரை இட்டார். நம் சொல்லாக்க அறிஞர் அறை என்னாது கலம் என்றது எனக்கு எப்போதும் உவப்பானது. கலம் என்பது பாண்டம், அளவை, அணி, படை, கப்பல். இவற்றுள் நம் வழக்குக்கு வேண்டியவை இரண்டு: மட்கலம், மரக்கலம். மட்கலம் உடைந்தால் உடைந்ததுதான். மரக்கலமோ பலகை உளுத்தால் பலகை மாற்றி மீண்டும் கடலில் விடப்படும்.

மரக்கலத்தைப் பற்றிக் கிரேக்கர் கதையொன்று உண்டு. தீசியசு என்னும் வீரன் ஏறி வந்த கப்பலை ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் பேணினர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்தினர். இது பழைய கப்பல்தானா, வேறொன்றா என்று தத்துவ ஆசிரியர் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதிவைத்துள்ளார். ஏதென்சுக்குப் போகாமலே இவ்வினாவை எங்களூரிற் கேட்கலாம். 2014 இலிருந்து கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தை அடுத்துத் தேசியப் புகையிரத நூதனசாலை இருக்கிறது. மாணவரை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். நீராவி இயந்திரமென்பது ஓடும் காலத்தில் எத்தனையோ உறுப்புகளை மாற்றிக்கொள்ளும் பொருள். கொதிகலத்தின் குழாய்கள் அரித்துப் போகும், சக்கரத்தின் இரும்பு வளையங்கள் தேயும், புதியவை பூட்டப்படும். எண்ணும் பெயரும் மாறுவதில்லை. மாணவர் எவரும் ‘இது வேறு இயந்திரம்’ என்று சொன்னதில்லை.

பேச்சாளரின் கூற்று, மனிதவுடம்பு முற்றிலும் மரக்கலமே என்பது. அது மெய்யா?

ஏழாண்டுக் கதை மேனாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருவது. ஏழு என்னும் எண்ணுக்கு எந்நாட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. நமக்கு எழுபிறப்பு, ஏழரைச் சனி. 1950களில் ஐக்கிய அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவைச் சேர்ந்த போல் ஏபர்சோல்ட் என்பார், உடம்பிலுள்ள அணுக்களில் நூற்றுக்கு 98 ஓராண்டிலேயே மாறிவிடுகின்றன என்று கணக்குரைத்தார். அவர் சொன்னது அணுவைப் பற்றி, கலத்தைப் பற்றியன்று. உடம்பிற் பெரும்பங்கு நீர். நாம் குடிக்கும் நீர் உள்ளே புகுந்து சில வாரங்களில் வெளியேறிவிடும். குடத்து நீர் நாடோறும் மாறுகிறது; குடம் மாறிற்று என்று கூறுவார் உண்டோ? செய்தி வாய்மாறிச் செல்லுகையில் இந்த வேறுபாடு நழுவிற்று.

கலத்தின் வயதை அளக்கும் வழி நெடுநாள் புலப்படவில்லை. மரத்துக்கு வளையம் உண்டு; மாட்டுக்குப் பல் உண்டு; கலத்துக்கு ஒன்றுமில்லை. வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். வல்லரசுகள் 1945 முதல் வெட்டவெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்தில் காபன்-14 என்னும் கதிர்வீசும் காபன் பெருகிற்று. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் பிரித்தானியாவும் 1963 இல் அத்தகைய சோதனைகளை நிறுத்த உடன்பட்ட வேளையில், உலகின் வடபாதியில் அதன் அளவு ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. அதன்பின் கடலும் செடிகொடிகளும் உண்ண உண்ண அது ஆண்டுதோறும் குறைந்து வந்தது. அந்தக் காபனைப் புல்லும் நெல்லும் உட்கொண்டன; அவற்றை நாம் உண்டோம். கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே விளைந்த பலாக்கொட்டையிலும் அது இருந்தது. கலமொன்று பிறக்கும்போது அதன் டி.என்.ஏ. அவ்வாண்டின் காபனைக் கொண்டு கட்டப்படும். கலத்தின் மற்றக் கூறுகள் பழுதாகிப் புதுப்பிக்கப்பட்டாலும் டி.என்.ஏ.யின் காபன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே அதன் அளவைக் கண்டால் கலம் பிறந்த ஆண்டைக் காணலாம். சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் பிரீசன் என்பாரும் அவர் குழுவினரும் 2005 இல் இம்முறையை வெளியிட்டனர்.

ஏடு பார்த்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பழைய ஓலைச்சுவடியின் இறுதியில், இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள் எழுதி நிறைவேறிற்று என்று பெயர்த்தெழுதியவன் குறித்து வைப்பான். அழிப்பதற்கென்று வெடிக்கப்பட்ட குண்டு, மனிதர் ஒவ்வொருவர் கலத்திலும் அப்படியொரு கடைக்குறிப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. 1961 இற் பிறந்த என் தமக்கையும் 1968 இற் பிறந்த நானும் இதற்கு விலக்கல்லேம்.

வயது வந்த ஒருவரின் கலங்களுடைய சராசரி வயது ஏழு முதற் பத்து ஆண்டு வரை இருக்கலாம் என்று பிரீசன் அந்நாளில் ஒரு மதிப்புரைத்தார். ஏழு என்ற எண் கிடைத்ததும் பழைய கதைக்குப் புத்துயிர் வந்துவிட்டது. சராசரி என்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதை வகுப்பறையில் நிற்பவன் அறிவான். பத்து வயதுப் பிள்ளைகள் முப்பதின்மரும் ஐம்பத்தேழு வயதான நானும் இருக்கும் அறையில் சராசரி வயது பன்னிரண்டுக்கும் குறைவு. அதைக் கொண்டு என்னை ஓடியாடச் சொல்வது நீதியாகுமா?

உண்மையில் உடம்பில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். சிறுகுடலின் உட்புறத்தை மூடியுள்ள கலங்கள் மூன்று நாலு நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. சித்திரைப் பிறப்பன்று உண்ட கைவிசேடப் பலகாரத்தைச் செரித்தவை அந்த வாரக் கடைசியில் இல்லை. மேற்றோலின் கலங்கள் அடியிற் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம். செங்குருதிக் கலத்தின் ஆயுள் 120 நாள்; அவற்றை ஈடுசெய்ய என்பு மச்சை செக்கனுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய கலங்களை ஆக்கி அனுப்புகிறது. கொழுப்புக் கலங்களில் ஆண்டுக்குப் பத்திலொரு பங்கு மாறுகிறது என்று 2008 இற் கண்டார்கள். இசுரவேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2021 இற் போட்ட கணக்கின்படி, நாளொன்றில் ஏறத்தாழ 33,000 கோடி கலங்கள் இறந்து அத்தனையும் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றின் நிறை எண்பது கிராம் அளவே. மிகப் பெரும்பாலன குருதியையும் குடலையும் சேர்ந்தவை.

இவையெல்லாம் மரக்கலம். பேச்சாளர் இதுவரை சொல்லியிருந்தால் நானும் மனமாரக் கைதட்டியிருப்பேன்.

இனி மட்கலத்தைப் பார்ப்போம். மூளையின் மேற்பட்டையிலுள்ள நரம்புக் கலங்களைப் பிரீசன் குழுவினர் ஆராய்ந்து, அவை அம்மனிதர் பிறந்த காலத்தவையே என்று 2006 இல் அறிவித்தனர். அறுபது வயதானவரின் அந்தக் கலங்களுக்கும் அறுபது வயது. இதயத் தசையைப் பற்றி 2009 இல் வெளியிட்டனர்: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று மாறுகிறது, எழுபத்தைந்தில் அது 0.45 ஆகக் குறைகிறது. நெடுநாள் வாழ்ந்தவரிடத்தும் பாதிக்கு மேற்பட்டவை பிறந்தபோது இருந்தவையே. பல்லின் மிளிரி சிறுவயதில் ஆக்கப்பட்டபின் ஒருபோதும் புதிதாவதில்லை. பெண்ணின் முட்டைக் கலங்கள் அவள் தாய் வயிற்றிலிருக்கும்போதே அமைந்துவிடுகின்றன. இதைக் கேட்டபோது நான் சற்றுத் திகைத்தேன். நான் எந்தக் கலத்திலிருந்து வளர்ந்தேனோ அது, என் தாய் பிறக்கும் முன்னரே, அம்மாயி கூடை சுமந்து மலையேறிய நாட்களில் அவள் வயிற்றுக்குள் அமைந்தது. ஏழாண்டு எங்கே, இது எங்கே!

நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதி ஒன்றில் நாடோறும் சில நூறு நரம்புக் கலங்கள் முதியோர்க்கும் பிறக்கின்றன என்று அதே குழுவினர் 2013 இற் கூறினர். 2018 இல் வேறொரு குழுவினர் அதனை மறுத்தனர். அந்த வழக்கில் என்னைப் போன்றவன் தலையிடுவது தகாது. ஒரு சாரார் சொல்வது போலப் புதியன பிறப்பினும், அவை பழையனவற்றின் நடுவே வந்து குடியேறுவன. பழையனவற்றை வெளியேற்றுவன அல்ல.

மரங்களிடையேயும் இவ்வேறுபாடு உண்டு என்று ஆசிரியை சொன்னார். பலாவிலும் தேக்கிலும் நாம் வைரம் என்று போற்றும் நடுப்பகுதி இறந்த கலங்களால் ஆனது. உயிர் புறத்தே ஒரு மெல்லிய வளையத்தில் ஓடுகிறது. பனை அப்படியன்று, அதன் அடிமரத்துக் கலங்கள் மரம் நிற்கும் வரை, நூறாண்டாயினும், பிரியாமலே உயிரோடிருப்பன. அகத்தே வைரமுள்ளதை மரமென்றும் புறத்தே வைரமுள்ளதைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலிற் பிரித்தாரல்லரா? பேராதனைப் பூங்காவின் பனைச்சாலையில் இனி நடக்கும்போது அண்ணாந்து பார்க்காமற் போக என்னால் இயலாது.

தழும்புக்கு வருகிறேன். மேற்றோல் மாதந்தோறும் மாறுகிறதென்றால் 1977 இற் சுட்ட தழும்பு இன்னும் ஏன் இருக்கிறது? சூடு மேற்றோலைக் கடந்து உட்டோலைத் தாக்கியது. உட்டோல் பின்னற்பாய் போலக் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் புரத நார்களால் ஆனது. காயம் ஆறும்போது உடம்பு அவசரத்தில் நார்களை ஒரே போக்கில் நெருக்கமாக அடுக்கிவிடுகிறது. பாய் கிழிந்த இடத்தில் சாக்குத்துணி வைத்துத் தைத்தாற் போன்றது அது. அதன்பின் அங்கே பிறக்கும் கலம் எதுவாயினும் அந்தத் தையலையே பேணுகிறது. மேலே புதுத்தோல் வந்துகொண்டேயிருக்கும்; ஆனால் மயிர்க்கால் இழந்த, வியர்வை இழந்த தோலாகவே வரும்.

இன்னும் வியப்பானது பச்சை குத்துதல். எங்கள் அம்மாயியின் முன்கையில் தேளும் கோலமும் இருந்தன. அவள் இறக்கும் வரை அவை அழியவில்லை. பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டவர்கள் காரணம் கண்டார்கள். மையை விழுங்கி வைத்திருப்பவை உட்டோலிலுள்ள ஒருவகைக் காவற் கலங்கள். அவை இறக்கின்றன. இறக்கும்போது மை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட அவ்விடத்திலேயே அடுத்துப் பிறந்த காவற் கலம் அதனை விழுங்கிக்கொள்கிறது. கலம் போயிற்று, கோலம் போகவில்லை.

இதனையன்றோ நம் முன்னோர் ஏட்டுக்குச் செய்தனர்! ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டு. செல்லரித்தால் அதனினும் குறைவு. பழைய ஏடு இறுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். தொல்காப்பியர் தொட்ட ஓலை ஒன்றும் இன்றில்லை, தொல்காப்பியம் இருக்கிறது. பெயர்ப்போன் கண்ணயர்ந்தால் எழுத்துப் பிழைக்கும். கலம் பிரியும்போதும் அத்தகைய பிழை நேர்வதுண்டு, அவை சில இடத்திற் குவிந்து அடங்காமற் பெருகுவதையே புற்றுநோய் என்கிறோம். மூளையின் கலங்களோ பெயர்த்தெழுதப்படாத ஒற்றை ஏடு. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தமிழகத்து உ. வே. சாமிநாதையரும் ஊரூராக அலைந்தது அத்தகைய ஏடுகளுக்காகவே. 1887 இல் ஒருவர் கலித்தொகையையும் மற்றவர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். மறுபடி இல்லாத ஏட்டை மாறிவிட்டதென்று சொல்லிப் போக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

நிலையாமையை நான் மறுப்பதாக எண்ணவேண்டாம். தமிழன் நிலையாமையைப் பாடியது போல வேறெவர் பாடினார்? யாக்கை என்ற சொல்லே கட்டப்பட்டது என்னும் பொருளது, கட்டியது அவிழும். பௌத்த காப்பியமான குண்டலகேசி முழுதும் கிடைக்கவில்லை. எஞ்சிய 19 செய்யுள்களுள் ஒன்று இப்பொருளையே பேசுகிறது. குழவிப் பருவம் முதலாக ஒவ்வொரு பருவமும் செத்துச் செத்தே நாம் மூப்படைகிறோம். அங்ஙனமாயின் நமக்காக நாமே அழாதது என்னை என்று வினாவுவது அதன் கருத்து. பேச்சாளர் கூற்றுக்கு இது அரண் செய்வது போலத் தோன்றும். ஊன்றி நோக்கின், புலவர் தம்மையும் உளப்படுத்தி ‘நாம்’ என்றே பேசுகிறார். நிலையாமை ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். பிறனுடைய புண்ணை நோக்கி ‘இது நினதன்று’ என்பதற்கு நம் நூல்கள் இடந்தந்ததாக நான் அறியேன்.

சிங்கள நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் மிலிந்த பஞ்ஞா என்னும் பாளி நூலை எடுத்துக் காட்டினார். கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனத் தேரருக்கும் நிகழ்ந்த உரையாடல் அது. பிறக்கும் ஒருவன் முன்னவனேயா, வேறொருவனா என்று மன்னன் கேட்கிறான். அவனும் அல்லன், வேறொருவனும் அல்லன் என்கிறார் தேரர். மாறிவிட்டவன் பொறுப்பினின்றும் நீங்குவானா என்ற இடத்தில் அவர் காட்டும் உவமை என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. குளிர்காலத்தில் ஒருவன் தீ மூட்டிக் குளிர்காய்கிறான், அணைக்காமற் போய்விடுகிறான். அது பரவி அயலான் வயலை எரிக்கிறது. ‘நான் மூட்டிய தீ வேறு, வயலை எரித்த தீ வேறு’ என்று அவன் வழக்காடினால் மன்னர் ஏற்பீரா? ஏற்கேன் என்கிறான் மிலிந்தன். பின்னது முன்னதிலிருந்தே வந்தது. ஊரையே எரித்த விளக்கொன்றைப் பற்றியும் அங்கே உண்டு. நண்பரும் நானும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுபத்தேழில் அவருக்கு வயது பன்னிரண்டு.

துயரைச் சீராட்டி வளர்க்கவேண்டும் என்பது என் கட்சியன்று. அக்காவே அதனைச் செய்தவளல்லள்; அவ்விரவைப் பற்றி அவள் தானாகப் பேசியது மிகச் சில தடவைதான். மறப்பதும் பொறுப்பதும் புண்பட்டவருடைய உரிமை. விஞ்ஞானத்தின் பெயரால், அதுவும் பிழைபட்ட விஞ்ஞானத்தின் பெயரால், மேடையில் நின்று பிறர் அதனைச் செய்து கொடுக்க இயலாது. பேச்சாளர்க்கு இவற்றைக் குறித்து மடல் எழுதினேன். மறுமொழி வந்திலது. கூட்டத்தை ஒழுங்கு செய்தோர் ‘ஐயா, நல்ல நோக்கத்தோடுதானே சொன்னார்’ என்றனர். இருக்கலாம். நல்ல நோக்கத்துக்கு மெய்யைச் சொல்வதில் என்ன தடையிருந்தது என்பதை அவர்கள் கூறவில்லை.

அக்காவுக்கு விடை சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தழும்பின் பாயையும் தையலையும் சொன்னேன். “இது எனக்குத் தெரியாதாக்கும்” என்பது போற் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைப் பற்றிச் சொல்ல வந்தபோதுதான் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். அவளுக்கு இரு கண்ணிலும் புரை; கண்டி ஆசுபத்திரியில் மார்கழி மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

கண்ணில் இருவகையும் அருகருகே இருக்கின்றன. முன்னேயுள்ள விழிவெண்படலத்தின் வெளிப்படை சில நாட்களுக்கொருமுறை புதிதாகிறது. அதன் உட்படையோ பிறந்தபோது பெற்றதை வைத்தே காலந்தள்ளுகிறது. அது தேய்ந்து போனவர்க்கு இறந்தவர் ஒருவரின் படலமே துணை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 இற் சிங்கப்பூருக்கு முதற் கண்களை அனுப்பிற்று. அன்று தொட்டு இந்நாட்டவர் கண்கள் பல்லாயிரம் பிற நாடுகளிற் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாறாத கலமானபடியால், உரியவர் போன பின்னும் மற்றொருவரிடத்தில் அதுவே நின்று உழைக்கிறது.

உள்ளேயுள்ள வில்லை இன்னும் பழையது. வெங்காயம் போலப் படை படையாக வளர்வது அது. பழைய படை உதிர வழியில்லை. நடுவே சிறைப்பட்டுக் கிடக்கும். நடுமையம் தாய் வயிற்றில் ஆனது. அங்குள்ள புரதம் அதன்பின் மாறுவதேயில்லை என்பதை டென்மார்க்கு ஆய்வாளர் அதே குண்டுக் காபனைக் கொண்டு 2008 இல் அளந்து காட்டினர். ஆகவே, அக்காவின் வில்லையின் நடுவே இருப்பது 1960 இலும் 1961 இன் தொடக்கத்திலும் எங்கள் அம்மா உண்டது: கூப்பன் அரிசி, கீரை, பலாக்கொட்டை. அம்மா மறைந்து முப்பத்தோராண்டு ஆகிறது.

“அம்மா தின்னதா? இதுக்குள்ளயா?” என்று கண்ணைத் தொட்டாள். “ஆம்” என்றேன். “அதையா வெளிய எடுக்கப் போறாங்க?”

நான் சொன்னேன்: இந்நாளில் வில்லையை முழுதாக எடுப்பதில்லை; நுண்ணொலியாற் கரைத்து, மெல்லிய குழாயால் உறிஞ்சிவிட்டு, செயற்கை வில்லையொன்றை வைத்துவிடுவார்கள்; நோவு இராது; மறுநாளே தெளிவாகத் தெரியும்; ஏட்டெழுத்தும் படிக்கலாம். அவளுக்கு எழுத்து வாராது என்பது சொன்ன பிறகே நினைவு வந்தது. கரைத்து உறிஞ்சினால் கையிற் பார்க்க ஒன்றும் மிஞ்சாதா என்று கேட்டாள். மிஞ்சாது என்றேன்.

சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கலானாள். புரை மறைத்த கண்ணுக்குக் கல் தெரியாது. விரலாலேயே தடவித் தடவி எடுத்தாள். நெடுநேரங் கழித்து, “ஆசுபத்திரிக்குப் போறேன் தம்பி. வராமாட்டேன்னு சொல்லல. தை பொறக்கட்டும்னு மட்டும் அந்த டொக்டர்கிட்டச் சொல்லு,” என்றாள்.